வழக்கே போடவில்லை, ஆவணத்தை மட்டும் கொடு என்றால்? 4,726 இணைய இணைப்புகளும் ஓர் ஆஸ்திரேலிய நீதிபதியும்

ஒருவர் உங்களுக்கு நஷ்டம் ஏற்படுத்திவிட்டார் என்று சந்தேகம். வக்கீலிடம் போனால், "ஆதாரம் இருக்கா?" என்பார். ஆதாரம் எதிராளியின் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாமே என்றால், "வழக்குப் போட்ட பிறகு கேட்கலாம்" என்பார். சரி, வழக்குப் போடலாம் என்றால், "ஆதாரம் இல்லாமல் எப்படிப் போடுவது?" என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பார். வக்கீல் மேல் தப்பில்லை. உரிமையியல் வழக்குகளின் அமைப்பே பெரும்பாலும் அப்படித்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆஸ்திரேலியா வைத்திருக்கும் வழியின் பெயர் 'ப்ரிலிமினரி டிஸ்கவரி'. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே, தொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்காக மட்டும், எதிராளியிடமோ மூன்றாம் நபரிடமோ இருக்கும் ஆவணங்களைக் காட்டச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. ஆனால், இதே ஏற்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஹாலிவுட் நிறுவனம் 4,726 இணைய இணைப்புகளின் பின்னால் இருந்தவர்களின் பெயர், விலாசத்தைக் கேட்டு வந்தபோதுதான், இதற்குள் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதும், அதை ஒரு நீதிபதி எப்படிக் கட்டிப்போட முடியும் என்பதும் வெளியே தெரிந்தது.

இரண்டு கதவுகள்

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் 2011-ம் ஆண்டு விதிகளில் இதற்கு இரண்டு முக்கியமான கதவுகள் உண்டு. விதி 7.22, யார் மேல் வழக்குப் போடுவது என்றே தெரியாதவருக்கு. தவறு நடந்திருக்கிறது, செய்தவரின் அடையாளம் மட்டும் தெரியவில்லை, அது இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பிருக்கிறது என்றால், அந்த இன்னொருவரைச் சொல்லவைக்கலாம்.

விதி 7.23, ஆள் யாரென்று தெரியும், ஆனால் வழக்கு நிற்குமா என்று தெரியாதவருக்கு. இதில் சும்மா சந்தேகம் போதாது. தனக்கு நிவாரணம் பெறும் உரிமை இருக்கக்கூடும் என்று நியாயமான காரணத்தோடு நம்ப வேண்டும். தன்னால் முடிந்த அளவு விசாரித்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் முடிவெடுக்கப் போதுமான தகவல் இல்லை என்று காட்ட வேண்டும். கேட்கும் ஆவணங்கள் அந்தக் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவையாகவும், எதிராளியிடம் இருக்க வாய்ப்புள்ளவையாகவும் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் நீதிபதி 'முடியாது' என்று சொல்லலாம். அது அவருடைய விருப்புரிமை.

அப்படிக் கிடைக்கும் ஆவணத்தை எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதோ, தொழில் போட்டிக்குப் பயன்படுத்துவதோ கூடாது. எதற்காக வாங்கினாரோ அதற்கு மட்டும்தான். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

டல்லஸ் பையர்ஸ் கிளப்

மாத்யூ மெக்கானஹே நடித்து 2014-ல் மூன்று ஆஸ்கர் விருதுகளை வாங்கிய படம் 'டல்லஸ் பையர்ஸ் கிளப்'. அதன் உரிமையாளர்கள் டொரன்ட் வழியாகப் படத்தைப் பகிர்ந்தவர்களைக் கண்காணிக்க ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். டொரன்ட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: படத்தை இறக்கும்போதே அதன் துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருப்பீர்கள். அப்படி ஏற்றிய ஆஸ்திரேலிய ஐபி முகவரிகளாக 4,726 சிக்கின.

ஐபி முகவரி என்பது வெறும் எண். அது எந்த வீட்டு இணைப்பு என்பது இணைய சேவை நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். அதனால் ஐஐநெட், இன்டர்னோட், டோடோ உள்ளிட்ட ஆறு நிறுவனங்களை நோக்கி விதி 7.22-ன் கீழ் மனு போனது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதே ஐஐநெட் மீது, 'உன் வாடிக்கையாளர் செய்யும் திருட்டுக்கு நீயும் பொறுப்பு' என்று பெரிய ஸ்டூடியோக்கள் முன்பே வழக்குத் தொடுத்திருந்தன. 2012 ஏப்ரலில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே உச்ச அமர்வு அதுதான்) ஐஐநெட் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. நிறுவனத்தைப் பிடிக்க முடியாது என்றானதும், மிச்சம் இருந்த ஒரே வழி வாடிக்கையாளரின் வீட்டுக் கதவு.

இணைய நிறுவனங்கள் எதிர்த்தன. வாடிக்கையாளரின் அந்தரங்கம் என்றன. ஐபி முகவரியின் சொந்தக்காரரும் படத்தை இறக்கியவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்றன. இது நியாயமான கேள்வி. நாலு பேர் ஒன்றாகத் தங்கும் வீட்டில் பில் ஒருவர் பெயரில்தான் வரும். ஆனால் நிறுவனங்கள் எழுப்பிய பெரிய பயம் வேறு. இந்தப் படக்குழுவினருக்கு உண்மையில் வழக்காடும் எண்ணமே இல்லை, பெயர்கள் கிடைத்ததும் மிரட்டல் கடிதம் அனுப்பிப் பணம் பார்ப்பார்கள் என்பதுதான் அது. அமெரிக்காவில் அப்படி ஆயிரக்கணக்கான டாலர் கேட்டு நோட்டீஸ்கள் போன கதை இருந்தது. வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துப் பயந்து, தப்புச் செய்யாதவர்கூடக் கேட்டதைக் கொடுத்துவிடுவார். அதுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

2015 ஏப்ரலில் நீதிபதி நை பெர்ரம் தீர்ப்புச் சொன்னார். பெயர்களைக் கொடுக்க வேண்டும். படக்குழு ஜெயித்துவிட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. ஆனால் ஓர் ஓரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: வாடிக்கையாளருக்கு அனுப்பப்போகும் கடிதத்தை முதலில் நீதிபதியிடம் காட்ட வேண்டும்.

கடிதத்தைப் படித்த நீதிபதி

இந்த விவகாரத்தின் உயிர்நாடியே இதுதான். பொதுவாக நீதிமன்றம் ஆவணத்தைக் கொடுக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். வாங்கியவர் அடுத்து என்ன நோட்டீஸ் அனுப்புகிறார் என்பதை எந்த நீதிபதியும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதில்லை. பெர்ரம் படித்தார். போனில் பேச வைத்திருந்த வசனத்தையும் சேர்த்துப் படித்தார். அதில் ஆண்டு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியும் இருந்தது. ஒரு படத்தின் நஷ்டத்தைக் கணக்கிட, பார்த்தவரின் சம்பளம் எதற்கு? எவ்வளவு கறக்கலாம் என்று பார்ப்பதற்குத்தான்.

கேட்கத் திட்டமிட்ட தொகை நான்கு தலைப்புகளில் இருந்தது. படத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் விலை. பெயரைக் கண்டுபிடிக்க ஆன செலவில் ஒரு பங்கு. இந்த இரண்டையும் நீதிபதி ஏற்றார். மற்ற இரண்டும்தான் பணம் காய்க்கும் மரங்கள். ஒன்று, படத்தை மற்றவர்களுக்கு ஏற்றியதற்கான 'உரிமக் கட்டணம்'. ஏதோ ஒவ்வொரு டொரன்ட் பயனரும் உலக விநியோக உரிமை கேட்டுப் பேச்சுவார்த்தைக்கு வந்திருப்பார் என்பது போன்ற கற்பனை அது. இன்னொன்று, அந்த நபர் வேறு எத்தனை படங்களை இறக்கியிருக்கிறார் என்பதை வைத்துக் கூடுதல் நஷ்ட ஈடு. மற்றவர்களின் படங்களுக்கு இவர்கள் எப்படிக் காசு கேட்கலாம்? இரண்டையும் பெர்ரம் தூக்கிப் போட்டார்.

2015 ஆகஸ்டில் அவர் போட்ட உத்தரவு இதுதான்: அனுமதித்த தலைப்புகளில் மட்டுமே பணம் கேட்போம் என்று எழுத்துபூர்வ உறுதிமொழி கொடுங்கள், கூடவே 6 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பிணைத்தொகை கட்டுங்கள். அதுவரை ஒரு பெயரும் கிடைக்காது. பிணை ஏன் என்றால், நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. உறுதிமொழியை மீறினால் சிட்னியில் உட்கார்ந்துகொண்டு அதன் மேல் நடவடிக்கை எடுப்பது கஷ்டம். மீறுவதில் லாபமே இருக்கக் கூடாது என்றால் கையில் பணம் இருக்க வேண்டும்.

படக்குழு வேறொரு கணக்கோடு திரும்பி வந்தது. முதல் கட்டமாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 472 பேரின் விவரம் மட்டும் போதும், பிணையை 60,000 டாலராகக் குறையுங்கள் என்றது. ஆனால் உரிமக் கட்டணக் கோரிக்கையை வேறு வடிவத்தில் மறுபடி நுழைக்கப் பார்த்தது. டிசம்பரில் பெர்ரம் மறுத்துவிட்டார். 2016 பிப்ரவரி 11 நண்பகலோடு மனு தானாகவே தள்ளுபடி ஆகும் என்று தேதியும் குறித்தார். படக்குழு மேலே போகவில்லை. 4,726 பேரில் ஒருவருக்கும் அந்த நோட்டீஸ் வரவில்லை.

திரைத்துறை தரப்பில் இதற்கு ஓர் எதிர்வாதம் சொல்லப்படுவதுண்டு. உரிமையாளருக்கு உரிமை இருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அதைப் பயன்படுத்த முடியாத அளவுக்கு நிபந்தனை போடுவது என்ன நியாயம்? மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் உண்மையிலேயே நஷ்டத்தை மட்டும் வசூலிப்பது நோக்கமாக இருந்திருந்தால், அந்த 6 லட்சம் எங்கேயும் போகாது, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினால் திரும்ப வந்துவிடும். ஒரு படத்தின் விலையும் தேடும் செலவும் மட்டும் என்றதும் அந்த வியாபாரம் கட்டுப்படியாகவில்லை. இதிலிருந்தே நோக்கம் என்ன என்று வாசகர் முடிவு செய்துகொள்ளலாம்.

அதே நீதிபதி, வேறு பக்கம்

பெர்ரம் இந்த விதிக்கே எதிரானவர் என்று நினைத்தால் அது தவறு. இரண்டு வருடம் கழித்து, இந்த விதியின் கதவை அகலத் திறந்துவிட்ட தீர்ப்பும் அவர் எழுதியதுதான்.

மூட்டுவாத நோய்க்கான 'என்ப்ரெல்' மருந்து ஃபைசர் நிறுவனத்துடையது. அதே வகையில் 'ப்ரென்சிஸ்' என்ற மருந்தைச் சாம்சங் பயோஎபிஸ் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தது. ஃபைசரிடம் இருந்த காப்புரிமைகள் மருந்தைத் தயாரிக்கும் முறை பற்றியவை. இங்கேதான் சிக்கல். மருந்துக்கடையில் ப்ரென்சிஸை வாங்கிச் சோதிக்கலாம். ஆனால் அதைத் தொழிற்சாலைக்குள் எந்த முறையில் செய்தார்கள் என்பதைக் குப்பி சொல்லாது. இரண்டு மருந்தும் இவ்வளவு ஒத்துப்போகிறதே, செய்முறையும் ஒன்றாக இருக்கலாம் என்று ஃபைசரின் நிபுணர் நம்பினார். அப்படி ஊகிக்க முடியாது என்று சாம்சங் தரப்பு நிபுணர் மறுத்தார். முதலில் விசாரித்த நீதிபதி ஃபைசரின் மனுவைத் தள்ளினார்.

2017 டிசம்பரில் முழு அமர்வு அதை மாற்றியது. வழக்குக்கு முந்தைய இந்தக் கட்டத்தில் எந்த நிபுணர் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை இருந்தால் போதும் என்றது. இல்லாவிட்டால் ஆவணத்தைப் பார்க்கலாமா என்று கேட்கும் மனுவே ஒரு குட்டி வழக்காக மாறிவிடும்.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண்பாடு இல்லை. நுழைவது சுலபமாக இருக்கட்டும், உள்ளே போனவர் என்ன எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார் என்பதில் கண்டிப்பாக இருக்கட்டும் என்பதுதான் அந்த அணுகுமுறை. நம்பிக்கையின் தரத்தை உயர்த்தி எல்லோரையும் வாசலிலேயே நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். வாசலிலேயே நிறுத்தினால் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்தான். அவரிடம்தான் தகவல் குறைவாக இருக்கும்.

2020 பிப்ரவரியில் இந்த விதி வேறு விதமாகச் செய்தியில் அடிபட்டது. மெல்பர்னில் ஒரு பல் மருத்துவருக்குப் பெயர் தெரியாத யாரோ கூகுளில் மோசமான விமர்சனம் எழுதியிருந்தார். அது அவதூறு என்று கருதிய மருத்துவர், எழுதியவரின் அடையாளத்தைக் கேட்டு அமெரிக்காவில் இருக்கும் கூகுளுக்கு மனுவை அனுப்ப நீதிமன்றம் அனுமதித்தது. ஹோட்டல் சாம்பார் நன்றாக இல்லை என்று ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு இது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் செய்தி. பொய்யான விமர்சனத்தால் தொழிலே படுத்துப்போனவருக்கோ பெரிய நிம்மதி.

அரசு செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வாடிக்கையாளர் தரவை இரண்டு ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்று 2015-ல் ஆஸ்திரேலியா சட்டம் போட்டது. அந்தச் சட்டத்துக்காக மட்டுமே சேமித்த தரவை உரிமையியல் வழக்குக்குக் கேட்க முடியாது என்று அதிலேயே தடையும் வைத்தது. குற்றவாளியைப் பிடிக்கச் சேர்த்த தரவு, சினிமா கம்பெனியின் வசூல் பட்டியலாக மாறக் கூடாது என்ற முன்யோசனை.

நம்மூரில்?

இந்த யோசனைக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1973-ல் நார்விச் பார்மகல் என்ற நிறுவனம், தன் காப்புரிமை பெற்ற ரசாயனத்தை யாரோ இறக்குமதி செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. யார் என்பது சுங்கத் துறைக்கு மட்டும் தெரியும். ரகசியம் என்று அவர்கள் மறுத்தார்கள். பிரபுக்கள் சபை சொல்லவைத்தது. தெரியாமல்கூட ஒருவரின் தவறு நடக்க வழியாக இருந்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லும் கடமை உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த இந்தியாவின் 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் ஆவணத்தைக் கேட்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆணை 11. ஆனால் அது நிலுவையில் இருக்கும் வழக்குக்குள்தான் வேலை செய்யும். முதலில் வழக்குரையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் வழக்குக்கான காரணம் தெரியவில்லை என்றால் ஆணை 7, விதி 11-ன் கீழ் வழக்குரையையே நிராகரித்துவிடலாம். தமிழ்நாட்டில் பணம் கோரும் வழக்கு என்றால் 2017 திருத்தத்துக்குப் பிறகு கோரும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 20 லட்சம் கேட்டால் 60,000 ரூபாய். வழக்கு நிற்குமா என்று தெரிந்துகொள்வதற்கே அந்தப் பணத்தை எடுத்து வைக்க வேண்டும். எதிராளி அரசு அலுவலகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். தனியார் நிறுவனம் என்றால் அதுவும் இல்லை.

ஆள் தெரியாத வழக்குகளுக்கு இந்திய நீதிமன்றங்கள் வேறு குறுக்கு வழி கண்டுபிடித்தன. முகம் தெரியாத பிரதிவாதிக்கு 'ஜான் டோ' என்றோ 'அசோக் குமார்' என்றோ பெயர் வைத்து வழக்கைத் தொடுத்துவிடுவது. கோலிவுட்டுக்கு இது நன்றாகவே பழக்கம். பெரிய படங்கள் வெளியாகும் முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படி உத்தரவு வாங்கி, இணையதளங்களை முடக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. படத்துக்கு இது உதவலாம். ஆனால் தன் டெபாசிட் பணம் எங்கே போனது என்று தெரியாத முதலீட்டாளருக்கோ, தன் வேலையைப் பறித்த இமெயிலை யார் அனுப்பினார்கள் என்று தெரியாத ஐடி ஊழியருக்கோ இதில் ஒன்றும் இல்லை.

அதற்காக, ஆஸ்திரேலிய விதியை அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுப் பயன்பாட்டுக்குப் பல கட்டுப்பாடுகளில் இருந்து விலக்கு தருகிறது. ஆக, இங்கே வழக்குக்கு முந்தைய ஆவணக் கோரிக்கை வந்தால், பெயரும் போன் நம்பரும் யார் கைக்குப் போகிறது என்பதைத் தடுக்க மிச்சம் இருப்பது நீதிபதியின் நிபந்தனை மட்டும்தான். லோன் ஆப்களின் வசூல் ஏஜென்ட்டுகள் போனில் பேசுவதைக் கேட்டவர்களுக்கு, அந்தக் கடிதத்தை நீதிபதி முதலில் படிக்க வேண்டும் என்ற பெர்ரமின் நிபந்தனை எவ்வளவு பெரியது என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவே இன்னும் சரிசெய்யாத ஒன்றும் இருக்கிறது: செலவு. ஆவணத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க எதிராளிக்கு ஆகும் செலவைப் பொதுவாக மனு போட்டவர்தான் ஏற்க வேண்டும். ஐஐநெட் வழக்கிலும் இணைய நிறுவனங்களின் செலவு படக்குழு தலையில்தான் விழுந்தது. தேவையில்லாமல் வம்புக்கு இழுக்கப்பட்டவருக்கு அது நியாயமே. ஆனால் ஃபைசருக்கு இந்தச் செலவு பெரிய விஷயமே இல்லை. பழுதான கருவியால் கை போன ஒரு தொழிலாளிக்கு, தயாரிப்பாளரின் சோதனை அறிக்கையைப் பார்ப்பதற்கு இந்தச் செலவு ஒரு வருடச் சம்பளமாக இருக்கலாம். முடிச்சு யாருக்கு அதிகமாக இறுகியிருக்கிறதோ அவருக்கே அவிழ்க்கும் கட்டணமும் அதிகம். இந்தியாவில் இப்படி ஒரு விதியை எழுத என்றாவது யாராவது உட்கார்ந்தால், தனிநபர் ஒரு நிறுவனத்திடம் கேட்கும்போது செலவு யாருடையது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். நிறுவனம் தனிநபர்களின் பெயரைக் கேட்டு வரும்போது, அனுப்பப்போகும் நோட்டீஸ் மனுவோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை நீதிமன்றப் பதிவாளரே பார்த்து வாங்க வேண்டும்.